கேட்டுவிட்டுச் சுடுகிறவர்

என் வேலைக்காலம் முழுவதும் லண்டனின் குரோய்டனில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் கழிந்தது. இந்த நாட்டில் தங்குவதற்கு என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். எந்தக் காகிதத்தை எப்போது கொடுப்பது, எதைக் கேட்கும்வரை கொடுக்காமல் வைத்திருப்பது, மறுத்தால் அடுத்து எங்கே போவது, எல்லாம் தெரியும். எத்தனையோ பேரை இங்கே தங்கவைத்திருக்கிறேன். என் மகளை மட்டும் முடியவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, போவதற்கும்தான்.

அவள் சிலியின் தென்கோடியில், செம்மறிப் பண்ணைகளுக்கு நடுவே, பூமா என்னும் மலைச்சிங்கங்களைக் காப்பாற்றும் வேலையில் இருக்கிறாள். "நான் பாக்கிறது பூமாவை இல்லையப்பா, பண்ணைக்காரரைத்தான்" என்பாள். பூமா மனிதரைக் கண்டால் ஒதுங்கிவிடும். பனிக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி ஒரு ஆட்டை அடிக்கும். தின்ற மிச்சத்தைப் புல்லால் மூடிவிட்டுப் போய், பிறகு திரும்பி வரும். அந்த வருகைக்காகத் துப்பாக்கியோடு ஒருவர் காத்திருப்பார். சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. ஆனால் அந்த வெளியில் பூமாவைக் கண்டவர்களை விடச் சட்டத்தைக் கண்டவர்கள் குறைவு.

போன ஜூலையில், அங்கே பனிக்காலம் நடக்கும்போது, ஒரு மாத விடுமுறையில் மோர்டனில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதே சமயம் லண்டனில் ஒரு பல்கலைக்கழகம், பூமாக்களைப் பற்றி எழுதுவதற்கு ஆள் தேடியது. பூமாவைப் பார்க்கத் தேவையில்லை, ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பத்தில் விஷயத்தைவிட நேரம் முக்கியம் என்பது என் அனுபவம். எனவே டூட்டிங் கடையில் அவளுக்குப் பிடித்த கணவாய் மீன் வாங்கி, மனைவி கறி வைத்து, மகள் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ளும்போது நான் பேச்சை எடுப்பது என்று நாங்கள் இருவரும் தீர்மானித்தோம்.

சாப்பிடும்போதே அவள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். பாறை விளிம்பில் மண்நிறத்தில் ஒரு பெண் பூமா. பக்கத்தில் உடலெல்லாம் புள்ளியாக இரண்டு குட்டிகள்.

"எவ்வளவு கிட்டப் போய் எடுத்தனி?" என்றேன்.

"நான் போகேல்லை. இருந்தன், அதுவே வந்தது. நாங்கள் காணுறதுக்கு முந்தி அது எங்களைக் கண்டிடும். சிலவேளை பின்னாலயே நடந்து வரும்."

"வருதெண்டு எப்பிடிப் பிள்ளை தெரியும்?" என்றாள் மனைவி.

"தெரியாதம்மா. திரும்பிப் பாத்தா ஒண்டும் இராது. பிறகு அந்த வழியால வந்தா எங்கட சப்பாத்துத் தடத்துக்கு மேல அதின்ர காலடி கிடக்கும்."

அவள் சோற்றுக்குக் கை நீட்டினாள். நான் தொண்டையைச் செருமினேன். கைபேசி அடித்தது.

கையில் கறியோடு எழும்பிப் போய், ஸ்பானிய மொழியில் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் தொலைபேசியில் கெட்ட செய்தி கேட்கிறவர்களின் முதுகை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பண்ணைக்காரர்," என்றாள் திரும்பி வந்து. "இந்தத் தாய்தான். பட்டிக்குள்ள வந்து ஆடு அடிச்சிட்டுதாம்."

அந்த மனிதர் முன்பு கண்ட பூமாவையெல்லாம் சுட்டவர். இப்போது சுவரிலிருந்து துப்பாக்கியை எடுக்குமுன் இவளுக்கு அழைப்பு எடுப்பார். இவள் காவல்நாய்களோடு போய், அந்தப் பூமா மலையேறும்வரை ஆடுகளோடு தங்குவாள். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு நான் ஒருபோதும் மதிப்புக் கொடுத்ததில்லை.

"வேறை ஆக்கள் போக ஏலாதோ?" என்றேன்.

"வேறை ஆரையும் பண்ணை வளவுக்குள்ள விடமாட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கிறன் எண்டவர்."

"நீ போகாட்டி?"

"சுடுவார். குட்டியளுக்கு இன்னும் வேட்டை தெரியாதப்பா."

மனைவி கறிச்சட்டியை மூடினாள். "பூமாக்குட்டிக்குத் தாய் வேணும், சரி. உனக்கும் மோர்டனிலை ஒரு தாய் இருக்கிறாள் எண்டு அந்தாளுக்கு ஆர் சொல்லுறது?"

"அவருக்குத் தெரியும். அம்மாட்டை மன்னிப்புக் கேள் எண்டுதான் முதல் சொன்னவர்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காக அவளுக்குக் கோபமும் வந்தது.

சொல்ல இருந்ததை நான் சொல்லவில்லை. விமான நிறுவனத்துக்கு அழைத்தேன். பயணச்சீட்டை மாற்ற எந்தச் சொல்லைச் சொன்னால் கதவு திறக்கும் என்பது எனக்குத் தெரியும். குடும்பத்தில் அவசரம் என்றேன்.

"பொய்யெல்லோ அப்பா?" என்றாள் மகள் மெதுவாக.

"தாயும் ரெண்டு பிள்ளையளும். குடும்பம்தானே."

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒருவர் இந்த நாட்டைவிட்டுப் போக ஆவன செய்தேன். மிகவும் சுலபமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு படம் அனுப்பினாள். பனியில் பெரிய அடிகள், இருபுறமும் சிறிய அடிகள், மலையை நோக்கி. துப்பாக்கி சுவரிலேயே இருக்கிறதாம். மிச்சக் கணவாய் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. அதை எடுத்துச் சமைக்க மனைவிக்கு மனம் வரவில்லை. அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விட்டது. இன்னொரு வருடமும் விளம்பரம் வரலாம்.

பின்னேரங்களில் ஆற்றோரப் பூங்காவில் நடக்கிறேன். நடுவில் சிலவேளை நின்று திரும்பிப் பார்க்கிறேன். ஒன்றும் இருப்பதில்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.