நளீபா ஓட்டின கப்பல்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில நளீபாவைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை விடுகினம். ரங்கூனுக்கு மூண்டு தரம் போய் வந்தவவாம். ஜாவாவில வீடு இருந்ததாம். எல்லாம் சுத்தப் புளுகு. நான் சீனியம்மா, இருபது வருஷமா அவவுக்கு அடுத்த வாசல். நளீபா பக்கத்தில இருக்கிற தெமட்டகொடைக்கு அங்கால கால் வைச்சதில்லை. அதுவும் தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் போனது, சேலையால மூடிக் கட்டின ரிக்‌ஷாவில. பிறகெப்படி வத்தளையில இருந்தெல்லாம் பொம்பளைகள் வந்து, "சீயம் தேசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" எண்டு அவவிட்டக் கேக்கினம்? நான் சொல்லுறன். குறுக்க கதைக்காமக் கேளுங்கோ.

நளீபாவின்ர புருஷன் ஸாலிஹ் கப்பலில சமையல். ஊர் பார்க்கப் போற வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு கொழும்பில இருந்து புறப்படுற கப்பல். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஜாவாவில பத்தேவியா, பாங்கொக், சைகோன் எண்டு சுத்திக்கொண்டு திரும்பி வரும். ஒவ்வொரு துறையிலயும் ஒரு போஸ்ட்காட் வாங்கி வருவார். நல்ல மனுஷன், ஆனா கதை சொல்ல வராது. "எப்பிடி இருந்திச்சு?" எண்டு இவ கேட்டா, "பெரிசா இருந்திச்சு" எண்டுவார். அவ்வளவுதான். இவவுக்குப் பத்திக்கொண்டு வரும்.

"பெரிசெண்டா என்ன பெரிசு? அந்தோனியார் கோயிலளவா? ஏற எத்தின படி? மேல போனா காத்து வருமா?"

பாவம், அந்த மனுஷன் ஒண்டையும் கண்டதில்லை. வெள்ளைக்காரர் இறங்கி ஊர் பார்க்கிற நேரம் அவர் கப்பலுக்குள்ள உருளைக்கிழங்கு உரிச்சுக்கொண்டிருப்பார். பெண்சாதியின்ர கேள்விக்குப் பயந்து, திரும்பி வாற துரைமாரிட்ட ஒவ்வொண்டா விசாரிக்கத் தொடங்கினார். அடுத்த பயணத்தில பதில் வரும். இவ அதில இருந்து இன்னும் பத்துக் கேள்வி கேப்பா. இப்பிடிப் பதினொரு வருஷம். ஒருக்காக் கேட்டதை நளீபா மறக்கமாட்டா. இங்கிலீஷில மட்டும் ஒரு எழுத்தும் தெரியாது.

முப்பத்தேழாம் ஆண்டு. வெள்ளவத்தையில இருந்த சிவபாதசுந்தரம் எண்டவர் கோட்டையில ஒரு கப்பல் கொம்பனியில கிளார்க். எல்லாரும் மாஸ்டர் எண்டுதான் கூப்பிடுறது. பயணிகளுக்கு ஆசை காட்டுறதுக்கு அந்தக் கொம்பனியில வர்ணம் பூசின கண்ணாடிப் படங்களும், அதைத் திரையில விழுத்துற லாந்தர்ப் பெட்டியும் இருந்தது. அதை இரவல் கொண்டுவந்து எங்கட வாசிகசாலை மண்டபத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆம்பளைகளுக்குக் காட்டினார். அவ்வளவுதான்! அந்தக் கிழமை முழுக்க எங்கட ஆம்பளைகளின்ர வாய் மூடேல்லை. என்னவோ தாங்களே கம்போஜத்து அங்கோர் கோயிலுக்குக் கல்லுச் சுமந்த மாதிரி.

நளீபா நேர வாசிகசாலைத் தலைவர் தாஸிம் ஹாஜியாரின்ர வீட்டுக்குப் போனா. நானும் கூடப் போனனான். ஹாஜியாரின்ர பெண்சாதி ஸமீமா எங்களைக் கதவுக்குப் பக்கத்தில இருத்தினா. ஹாஜியார் வெளி அறையில.

"எங்களுக்கும் காட்டச் செல்லுங்க" எண்டா நளீபா. சொல்லுறதை அவையள் செல்லுறது எண்டுதான் கதைக்கிறது.

"ஒரு ஆம்பளை பெட்டியை இயக்க, நீங்க எல்லாரும் இருட்டுக்குள்ள இருக்கிறதா? நடக்கிற காரியமா?"

"அப்ப பொம்பளை இயக்கினா?"

"எந்தப் பொம்பளை?"

"நான்."

மனுஷன் சிரிச்சார். ஸமீமா சிரிக்கேல்லை, அவரையே பார்த்துக்கொண்டு நிண்டா. பிறகு ஹாஜியார் ஓமெண்டும் சொல்லாம மண்டபத்துச் சாவியை எடுத்து மேசையில போட்டார். எழும்பிப் போகும்போது சொன்னது இது: "ஒரு பிழை நடந்தாலும் சரி, இனி அந்த மண்டபத்தில பொம்பளைகளுக்கு ஒண்டும் இல்ல. நான் இருக்கும் வரைக்கும் இல்ல."

வீட்டுக்கு வரும்போது நளீபா, "சீனியம்மாக்கா, பிழைச்சா என்னால எல்லாருக்கும் போயிடும்" எண்டா. "பிழைக்காது, வாயைக் கழுவு" எண்டு ஏசினனான். எனக்கும் பயம்தான்.

சனிக்கிழமை காலமை மாஸ்டர் வந்து, ஸமீமா பக்கத்தில இருக்க, சொல்லிக் குடுத்தார். படத்தைத் தலைகீழாப் போடோணும், அப்பதான் திரையில நேரா விழும். எண்பது எண்ணுறதுக்குள்ள மாத்திப் போடோணும். "இல்லாட்டி சூட்டுக்குக் கண்ணாடி வெடிச்சுப் போகும். கண்ணாடி வெடிச்சா என்ர உத்தியோகமும் வெடிச்சுப் போகும், கண்டியளோ" எண்டார். விளக்கம் சொல்லுறதுக்குத் தமிழில எழுதின கடதாசிக் கட்டு இருந்தது. அதை வாசிக்க, பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற தன்ர மனிசியை அனுப்பிறன் எண்டார்.

அவர் போன பிறகு நளீபா ஒவ்வொரு கண்ணாடியையும் மல்துணியால துடைச்சு, பெட்டியில ஒழுங்கா அடுக்கி வைச்சா. அங்கதான் வினை. யாற்ற ஒழுங்கு? மாஸ்டர் பேர்போன இடத்தை முதலில வைச்சு, அங்கோரில இருந்து தொடங்கி அடுக்கியிருந்தார். நளீபாவுக்கு உலகத்தில ஒரு ஒழுங்குதான். கப்பல் போற ஒழுங்கு. கண்ணாடியில இருந்த இங்கிலீஷ் எழுத்து விளங்காட்டியும், புருஷன் கொண்டுவந்த போஸ்ட்காட்டுகளைப் பார்த்துப் பார்த்து எந்தப் படம் எந்த ஊரெண்டு அவவுக்குத் தெரியும். "மனுஷன் எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு வைச்சிருக்கார்க்கா, பாவம். நான் சரிப்படுத்திட்டேன்" எண்டு எனக்குப் பெருமையா வேற சொன்னா. நான் என்னத்தைக் கண்டன்? கெட்டிக்காரி எண்டன்.

ஞாயிறு மத்தியானம் லுஹர் தொழுகை முடிய மண்டபம் நிறைஞ்சுபோச்சு. முஸ்லிம் பொம்பளைகள், ஜிந்துப்பிட்டியில இருந்து எங்கட சைவ ஆக்கள், வேதக்காரப் பெட்டைகள், கைக்குழந்தைகள். ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டியிருந்தது. புழுக்கம் எண்டா அப்பிடியொரு புழுக்கம். ஒரு சாக்கு நிக்காம விழுந்துகொண்டிருந்ததால அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற வேலை எனக்கு. வெள்ளைப் படுக்கை விரிப்பொண்டை நனைச்சுத் திரையாக் கட்டியிருந்தது. திரைக்குப் பின்னால கதிரை அடுக்கி வைக்கிற இருட்டறை. அந்த அறையின்ர வெளிக்கதவால ஆம்பளை ஒருத்தனும் வராமப் பார்க்க ஹாஜியார் தானே காவலுக்குப் போனார்.

மிஸிஸ் சிவபாதசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்ன விளக்கைப் பக்கத்தில வைச்சு, பள்ளிக்கூடத்துக் குரலில தொடங்கினா.

"முதலாவதாக, கம்போஜ தேசத்து அங்கோர் ஆலயம். நாற்புறமும் அகழி சூழ்ந்த கருங்கற் கோபுரங்கள்."

திரையில தகதகவெண்டு தங்கக் கோபுரம். அகழியுமில்லை, கருங்கல்லுமில்லை.

"என்ன காட்டுறீர்?" எண்டு மிஸிஸ் கேட்டா.

"ரங்கூன்."

"நான் அங்கோரெல்லே வாசிக்கிறன்!"

"அங்கோருக்கு இப்பவே எப்பிடிப் போற? கப்பல் முதல்ல ரங்கூனுக்குத்தானே போகும்?"

சனம் கொல்லெண்டு சிரிச்சது. எண்பது எண்ணி முடிஞ்சிருக்கும், நளீபா பதறிப்போய்ப் படத்தை மாத்தினா. பினாங்கு மலையில ஏறுற ரெயில் வந்தது. மிஸிஸ் அவசரமா அடுத்த தாளைப் புரட்டி, "ஜாவாவிலுள்ள போரோபுதூர், ஆயிரம் ஆண்டு பழைமையான..." எண்டு வாசிக்க, முன்னுக்கிருந்த கிழவி ஒருத்தி, "அந்தக் காலத்திலயே ரெயில் விட்டிருக்கிறாங்களே!" எண்டா. பிறகென்ன, குழந்தைகூட சிரிக்குது.

மிஸிஸுக்கு முகம் சிவந்துபோச்சு. கடதாசியைச் சுருட்டினா. "உது சரிவராது. நிப்பாட்டுங்கோ. ஜன்னலைத் திறவுங்கோ."

நாலைஞ்சு பேர் எழும்பியிட்டினம். ஸமீமா தலையில கை வைச்சிட்டா. எல்லாரும் என்னைப் பார்க்கினம். சாக்கு என்ர கையில. விட்டனெண்டா வெளிச்சம் வரும், எல்லாம் முடிஞ்சுது.

"சீனியம்மாக்கா!" நளீபா கத்தினா. "அதை விட்டீங்கெண்டா உங்களோட எனக்குப் பேச்சில்ல!"

நான் இறுக்கிப் பிடிச்சன். யார் விட்டது?

"எல்லாரும் இருங்க" எண்டா நளீபா. "பிழை என்னோடதான். நான் கப்பல் போற மாதிரி அடுக்கிட்டேன். டீச்சரம்மா, நீங்க கோவிக்க வேணாம், கொஞ்சம் இருங்க. கடதாசி வேணாம். நானே எல்லாரையும் கூட்டிக்கொண்டு போறேன்."

ரங்கூன் திரும்பி வந்தது. அண்டைக்கு அவ கதைச்ச மாதிரி நான் ஒருத்தரும் கதைச்சுக் கேட்டதில்லை. அந்தத் தங்கக் கோபுரத்துக்கு வெள்ளைக்காரனும் சப்பாத்தைக் கழட்டித்தான் போகோணுமாம். வெயிலில கல்லுச் சுட்டு, துரைசாணிமார் கோழி மாதிரித் துள்ளித் துள்ளிப் போவினமாம். பினாங்கு மலையில ரெயிலைக் கம்பியால கட்டி இழுக்கிறதாம், மேல போனா சால்வை இல்லாட்டிப் பல்லுக் கிட்டுமாம். போரோபுதூரில கல்லுக் கூண்டுக்குள்ள புத்தர் இருப்பாராம். ஓட்டையால கையை விட்டுத் தொட்டா நினைச்சது நடக்குமாம். ஒரு துரைசாணி கையை விட்டு, காப்புச் சிக்கி, அரை மணித்தியாலம் புத்தரோடயே நிண்டவவாம்.

சனம் வயிறைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சுது. பாங்கொக்கில ஆத்தங்கரைக் கோபுரம் முழுக்க உடைஞ்ச பீங்கான் பதிச்சிருக்கெண்டு சொல்ல, "எங்கட வீட்டில உடையிற பீங்கானுக்கு நான் ரெண்டு கட்டுவன்" எண்டு ஒருத்தி கத்தினா. எல்லாத்துக்கும் இடையில எண்பது எண்ணுறதும் பிசகேல்லை. உதடு ஒரு பக்கம் கதைக்குது, விரல் ஒரு பக்கம் எண்ணுது. ஒரு கண்ணாடியும் வெடிக்கேல்லை.

கடைசியா அங்கோர். சைகோனில இறங்கி, மோட்டரில ரெண்டு நாள். மரவேர் கல்லுச் சுவரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிற படம். மிஸிஸ் சிவபாதசுந்தரம் எப்பவோ கதிரையை விட்டுப் பாயில வந்து குந்தியிட்டா. "அந்த மரத்தை ஏன் வெட்டாமல் விட்டிருக்கினம், நளீபா?" எண்டு பிள்ளை மாதிரிக் கேட்டா. "வெட்டினா சுவர் விழுந்திடும், டீச்சரம்மா. இப்ப அதுதான் தாங்கிக்கொண்டிருக்கு." எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. அந்த நிமிஷம் அவவைத் தூக்கிக் கொஞ்சலாம் போல இருந்தது, சாக்கு இல்லாட்டி.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" எண்டா நளீபா.

அப்ப திரைக்குப் பின்னால இருந்து ஒரு குரல். "நளீபா, அந்த மரத்தை இன்னொருக்காப் போடு புள்ள."

ஹாஜியார்! பொம்பளைகள் வீரிட்டுக்கொண்டு முக்காட்டை இழுத்தினம்.

"நீங்க காவலுக்குத்தானே போனீங்க?" எண்டு ஸமீமா கேட்டா. இருமல் கேட்டது. ஒரு ஆளின்ர இருமல் இல்லை, எண்ணிப் பார்த்தம், அஞ்சு ஆம்பளைகளின்ர இருமல்.

நளீபா அசையேல்லை. "ஹாஜியார், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தா எல்லாம் இடது வலதாத்தான் தெரியும். இவ்வளவு நேரமும் நீங்க பார்த்தது பிழை."

"பரவாயில்ல புள்ள. போன கிழமை மாஸ்டர் வாசிக்கக்குள்ள நான் நித்திரை. நீ ரங்கூனில இருந்து திரும்பச் செல்லு."

"செல்றேன். ஆனா மாசத்தில ஒரு ஞாயிறு மண்டபம் எங்களுக்கு. சாவி ஸமீமா ராத்தாட கையில. அந்தப் பக்கத்தில இருந்து ஒரு சத்தம் வரப்படாது. சம்மதமா?"

மண்டபம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது.

"ஓம் புள்ள" எண்டார் ஹாஜியார்.

கலியாணம் முடிச்சு இருபத்தாறு வருஷத்தில, அந்த மனுஷன் ஒரு பொம்பளைக்கு ஓம் சொன்னதை ஸமீமா அண்டைக்குத்தான் முதல்முதல் கேட்டவவாம்.