அண்ணி கொடுத்த ஜெரேனியம்

என் கையில் செடி தங்காது என்று எங்கள் வீட்டில் முடிவுகட்டி வெகு நாளாயிற்று. கற்றாழையையே அழுகவைத்தவள் நான். கல்யாணமான புதிதில் கணவரின் அக்கா, அதாவது என் அண்ணி, ஒரு ரோஜாப் பதியன் கொடுத்தார். பத்தே நாளில் அது கருகியது. "விடு, சில பேரு கைராசி அப்படி" என்றார். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு வரியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி இருப்பது கோத்தகிரியில். அவர் வீட்டுக்காரருக்கு அங்கே டீ பேக்டரியில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு கோடை லீவில் போயிருந்தபோது, ஒரு தொட்டியை என் மடியில் வைத்தார். ஜெரேனியமாம்.

"கடையில ஜெரேனியம்னு விக்கிறதுல பாதி அது கெடையாது. இலைய கசக்கிப் பாரு, கமகமன்னு வந்தா அது வேற. இதுல பாரு, அஞ்சு இதழும் ஒரே அளவு. இலை விரல விரிச்சாப்புல இருக்கும். பூ உதுந்தா காய் கொக்கு மூக்கு கணக்கா நீட்டிக்கிட்டு நிக்கும். பனி கொட்டினாக்கூட சாவாது. உனக்கு இதான் லாயக்கு" என்றார்.

எங்கள் பெரம்பலூரில் கொட்டுகிற பனிக்கு இது சாகாது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. வெயிலுக்குச் சாகுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில், பாடாலூர் தாண்டும்போதே இலைகள் தொங்கிவிட்டன. வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் குளியலறையில் வைத்தேன். ஈரச்சாக்கைச் சுற்றினேன். மத்தியானத்தில் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். "நான் இங்க வேர்த்து ஊத்திக்கிட்டு கெடக்கறேன், செடிக்கு ஃபேனா?" என்று கணவர் கேட்டார். செடி உயிரோடு இருக்கும்வரை நீங்கள் இரண்டாம் பட்சம்தான் என்று சொல்லிவிட்டேன். ஆடி பதினெட்டு வரைகூட அது தாங்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் "செடி எப்படி இருக்கு? போட்டோ அனுப்பு" என்று அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப் வரும். செத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை தட்டினால் முடிந்தது. அந்தக் கைராசிப் பேச்சை மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. உயிரோடு இருந்தபோது எடுத்த பழைய போட்டோக்களை அனுப்பினேன். அவையும் தீர்ந்தன. ஐப்பசிக் கடைசியில் எங்கள் சின்னவளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அண்ணி நேரிலேயே வரப்போகிறார்.

அந்தச் சமயத்தில்தான் மாமனாரின் பருத்திக்காட்டுக்குப் போனேன். நான் அரியலூர்ப் பக்கம், முந்திரிக்காட்டுக்காரி. பருத்திச் செடியை நான் அதுவரை நின்று பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். இலை விரலை விரித்தாற்போல் இருந்தது. கசக்கி மோந்தேன், கமகமவென்று ஒன்றும் வரவில்லை. பூவுக்கு எத்தனை இதழ் என்று மாமனாரைக் கேட்டேன். "அஞ்சு. ஏம்மா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு கன்றை மண்ணோடு பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி கொடுத்த தொட்டியிலேயே அதை நட்டு, ஞாயிறுதோறும் அதன் போட்டோவை அனுப்பினேன்.

அண்ணியின் பரிசோதனையில் அது எல்லாவற்றிலும் பாஸ். காய் ஒன்றுதான் இடித்தது. கொக்கு மூக்காக நீளாமல், குண்டாகப் பருத்திக்காயாகவே காய்த்தது. வரவரக் கிள்ளி எறிந்தேன். இதைப் பார்த்த மாமனார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பருத்தியில பூச்சிதான் காய அழிக்கும். மருமவ அழிச்சு இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றார்.

காதுகுத்துக்கு முதல் நாள்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. வரப்போகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பருத்தி போடுகிறவர்கள். ராத்திரிக்குள் நாற்பது பேருக்குப் போன் போட்டேன். நாளைக்கு எங்கள் வீட்டில் யாரும் பருத்தி என்ற வார்த்தையை எடுக்கக்கூடாது, வாசலில் இருக்கும் தொட்டியைப் பார்த்து வாயைத் திறக்கக்கூடாது. காரணம் கேட்டவர்களிடம் குழந்தைக்கு நல்லதில்லை என்று சொல்லிவைத்தேன்.

கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். பருத்தி பேசாமல் அவர்களுக்கு உட்காரவே தெரியவில்லை. வெங்காயம் போடாதவர்கள்கூட வெங்காயத்தைப் பற்றியே பேசினார்கள். ஒரு பெரியப்பா தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் மூன்றாவது முறையாகக் கை கழுவினார்.

அண்ணி நேராகத் தொட்டியிடம் போனார். இரண்டு பூக்கள் இருந்தன. முந்தின நாள் வெளிர்மஞ்சளாக மலர்ந்தவை அன்று காலையில் ரோஸ் நிறத்துக்குத் திரும்பியிருந்தன. ஜெரேனியம் பூவும் அதே நிறம், என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி இதழை எண்ணினார். இலையைக் கசக்கி மோந்தார்.

"வாசன இல்ல" என்றார்.

"இல்லங்க அண்ணி."

"நெஜமான ஜெரேனியம்தான்" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே, வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் செடியின் உச்சிக் கொழுந்தை டக்கென்று கிள்ளிப் போட்டார்.

வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செடி மேலே போகாமல் பக்கக்கிளை விட்டுக் காய் பிடிக்க இந்தப் பருவத்தில் நுனி கிள்ளுவார்கள். அது பருத்திக்குச் செய்கிற வேலை. மாமனார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணி தன் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அவரைச் சமையற்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். "எப்பங்க அண்ணி தெரிஞ்சுது?"

"நீ மாத்தி அனுப்பின மொத போட்டோவுலயே. பத்தொம்பது வயசு வரைக்கும் எங்கப்பா காட்டுல பருத்தி எடுத்தவ நான்."

மாமனாரின் காடு என்றால் அது அண்ணியின் அப்பா காடு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுர்ரென்று ஏறியது. "அப்பறம் ஏன் வாரா வாரம் போட்டோ கேட்டு என்னய அலைய வுட்டீங்க?"

அண்ணி குரலைத் தணித்துக்கொண்டார். "தெரியும்னு சொன்னா நீ அனுப்பறத நிறுத்திருவ. எங்க வீட்டுக்காரரு பேக்டரிக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வராரு. ஞாயித்துக்கெழமையும் டூட்டி. எனக்குன்னு வேற யாரு மெசேஜ் போடறா, சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நானாக ஒரு தடவைகூட அவருக்குப் போன் செய்ததில்லை. செத்த செடிக்காக நாற்பது பேருக்குப் போன் போட்டவள் நான்.

"நீங்க குடுத்தது ஆடியிலயே செத்துப்போச்சுங்க அண்ணி" என்றேன்.

"தெரியும்" என்றார். "பந்தி முடியப்போவுது. வா, ரெண்டு பேரும் சேந்து உக்காந்துருவோம்."