ஏரியைக் கடந்தவன்

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அந்தமானில் மூன்று நாள் பாய்மரப் படகை வாடகைக்கு எடுப்பது என்ற யோசனை என்னுடையதுதான். உத்திரமேரூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி யாரும் தைரியமாகப் பேசலாம். அது இங்கே வரப்போவதில்லை.

பத்து நாள் வீடு துறைமுகமாகவே மாறிவிட்டது. நான் கைப்பேசியில் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்தேன். மனைவி புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். படகும் உறுதியாயிற்று, நாளும் உறுதியாயிற்று. அப்புறம்தான் படகுக்காரரின் போன் வந்தது. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து போய் அங்கே குடியேறியவர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, படிவம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். நீச்சல் தெரியுமான்னு ஒரு கேள்வி இருக்கும். தெரியும்னு எழுதுறவங்களை மொத நாள் காலையிலயே கடல்ல குதிச்சுப் படகைச் சுத்தி ஒரு ரவுண்டு வரச் சொல்லுவோம். எங்க வழக்கம்."

முறுக்கு மாவு பிசைந்தபடியே மனைவி குரல் கொடுத்தாள். "அவருக்கு இன்னா, தென்னேரி ஏரியவே தாண்டினவரு. ஒம்போது ரவுண்டு வருவாரு."

அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தேன். தென்னேரி அவள் பிறந்த ஊர். பெண் பார்க்கப் போன அன்று என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க ஊரு ஏரிய இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு நடுவுல நிக்காம தாண்டியிருக்கேன்" என்றேன். பொய் இல்லை. தாண்டியது அதற்கு முந்தைய மாதம், சித்திரை வெயிலில். ஏரியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தே போனேன். இந்த ஒரு விவரத்தை மட்டும் விட்டுவிட்டேன். அன்றிலிருந்து மாமனார் வீட்டில் நான் நீச்சல் வீரன்.

தெரியாது என்று எழுதினால் மானம் போகும். தெரியும் என்று எழுதினால் உயிர் போகும். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, "கெணத்து மோட்டார் பாக்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லி, மறுநாள் காலை பள்ளிக்கூட நண்பனின் வயல் கிணற்றுக்குப் போனேன். அவன் ஒரு காலி பிளாஸ்டிக் கேனை என் முதுகில் கயிற்றால் கட்டினான்.

"ஏழு வயசுல கத்துக்க வேண்டியத அம்பது வயசுல கத்துக்கினு கீறியே."

"கத்தாதடா, மானம் போவுது."

"மானம் மெதக்கும்டா. நீதான் முழுவுற."

உண்மைதான். கேன் மேலே நின்றது, நான் அதற்கு அடியில் இருந்தேன். மூன்று நாளில் கிணற்றில் பாதியைக் குடித்தேன். ஒரு தவளை எனக்குச் செய்து காட்டுவதுபோல மூன்று முறை குறுக்கே நீந்திப் போனது.

நான்காம் நாள், கடைசிப் படியைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, மோட்டாரு முதுகுலயா கீது?"

மனைவி. நண்பன் திடீரென்று வரப்பில் ஏதோ வேலையாகப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த வருசம் எங்கப்பா ஏரிக்குள்ள வெள்ளரி போட்டிருந்தாரு. எவனோ ஒருத்தன் செருப்புக் காலோட கொடிய மிதிச்சிக்கினு குறுக்கால போனான்னு ஒரு மாசம் திட்டிக்கினு இருந்தாரு. நீங்க வந்து ஏரிய தாண்டினேன்னு சொன்னப்பவே ஆளு யாருன்னு புரிஞ்சிபோச்சி."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"சொல்லியிருந்தா காபியே குடுத்திருக்க மாட்டாரு."

"அப்புறம் ஏன் என்னைப் புடிச்சிருக்குன்னு சொன்ன?"

"கொடியத்தான மிதிச்சான், ஒரு பிஞ்சக்கூட பறிக்கலியே, நல்லவன்தான்னு நெனச்சேன்."

புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மேலேயிருந்தே குதித்தாள். கிணற்றை ஒரு சுற்று சுற்றி என் படிக்கு வந்து, "படகச் சுத்தி நான் வரேன். நீங்க மேல நின்னு எண்ணுங்க" என்றாள். அன்று மாலை படிவத்தில் தன் பெயருக்கு எதிரே 'தெரியும்', என் பெயருக்கு எதிரே 'தெரியாது' என்று அவளே எழுதி அனுப்பினாள்.

அடுத்த மாதம் கிளம்புகிறோம். அந்தச் சித்திரையில் நான் இரண்டு பிஞ்சு பறித்துத் தின்றதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. படகு கரை சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். நடுக்கடலில் சொல்லும் அளவுக்கு எனக்கு நீச்சல் வரவில்லை.