பத்து மணிக்கு நழுவும் தொப்பி

என் தலைமயிரால் எனக்கு ஒரு தொல்லை வரும் என்று சிட்னிக்கு வரும்வரை நான் நினைத்ததே இல்லை. இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல். பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் வேறு ஒன்றும் கேட்கவில்லை, பின்னலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று என் தங்கை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தலைதான் எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் முழுக்க என்னைப் படாதபாடு படுத்தியது. எல்லாம் ஒரு வெள்ளைத் தொப்பியால் வந்த வினை.

நான் ஊரில் ஆறு வருடம் தாதியாக வேலை பார்த்தவள். ஊசி போடுவதிலும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதிலும் என் கை சுத்தம் என்று டொக்டர்மாரே சொல்வார்கள். இங்கே அந்த ஆறு வருடத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று மாதம் ஒரு வார்டில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்யவேண்டும். முடிவில் அந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஓர் அறிக்கை எழுதுவார். அது நல்லபடியாக அமைந்தால் பதிவு பெற்ற தாதி. இல்லாவிட்டால் உதவியாளாகவே இருந்து சாப்பாட்டுத் தட்டுத் தூக்கவேண்டியதுதான். அந்த வேலை மட்டமானது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் செய்யத் தெரிந்த வேலையைச் செய்யவிடாமல் ஒரு ஓரத்தில் நிறுத்திவைத்தால் எனக்குப் பொறுக்காது. நான் கொஞ்சம் ரோசக்காரி.

அப்போது நாங்கள் பென்டில் ஹில்லில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். அந்தத் தெருவில் தமிழ் பேசும் வீடு எங்களுடையது மட்டும்தான். விடியற்காலையில் எழும்பித் தலை வாரி, தொப்பி வைத்து, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ரயில் ஏறுவேன்.

தொப்பி எனக்குப் புதிது அல்ல. ஊரிலும் தாதிமார் தொப்பி வைப்போம். ஆனால் அது மெல்லிய துணியில் தைத்த சின்னத் தொப்பி. கொண்டையை ஒட்டி வைத்து, இரண்டு கொண்டை ஊசியைக் கொண்டைக்குள் செருகினால் அன்றைய வேலை முடியும்வரை அது அசையாது. இங்கே தந்ததோ கஞ்சி போட்டு விறைத்த பெரிய தொப்பி. உச்சந்தலையில், நெற்றி மயிருக்கு இரண்டு விரல் பின்னால் நிற்கவேண்டும். கொண்டை கீழே, கழுத்துக்கு மேலே. ஆக, தொப்பி ஊரில் என்றால் கொண்டை அடுத்த ஊரில். வெள்ளை நிறத்தில் சின்னக் கிளிப்புகள் தந்தார்கள். மற்றப் பெண்கள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே இரண்டு கிளிப்பில் நாள் முழுக்க ஓடித் திரிந்தார்கள். என் தலையில் ஆறு குத்தியும் தொப்பி நிற்கவில்லை.

முதல் தடவை அது, காலைச் சாப்பாட்டைப் பத்து மணிவரை இழுத்தடிக்கும் ஒரு பெரியவரின் ஓட்ஸ் கஞ்சிக்குள் விழுந்தது. ஒரு காலத்தில் மெல்பேர்னில் ட்ராம் ஓட்டியவர், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன், தொப்பி நேரே கோப்பைக்குள் போய் உட்கார்ந்தது. பால் கேட்டேன், தொப்பி தருகிறாயே என்றார் மனிதர். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டாவது தடவை, மூத்த டொக்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வரும்போது அவர் காலடியில் விழுந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவைதான் கெட்டது. காயத்துக்கு மருந்து கட்டுவதற்காகக் கிருமி நீக்கி வைத்திருந்த தட்டுக்குள் ஒரு கிளிப் விழுந்தது, அதன் பின்னாலேயே தொப்பியும் விழுந்தது. முழுத் தட்டையும் கழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. சிஸ்டர் பக்கத்தில் நின்றார்.

அந்தச் சிஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் ஆகாதவர், ஒல்லியான உயரமான பெண். சிஸ்டர்மாருக்குத் தொப்பி இல்லை. கஞ்சி போட்ட வெள்ளைத் துணியை முக்காடுபோல் முதுகுவரை விழ அணிவார்கள். அவர் அதை அணிந்துகொண்டு நடக்கும்போது தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையாது. கீழே ஏதாவது விழுந்தால்கூடக் கழுத்தை வளைக்க மாட்டார், முழங்காலை மடக்கி நேராக இறங்கி எடுப்பார். எவ்வளவு இறுமாப்பு என்று எனக்குள் திட்டுவேன். அன்றைக்கு அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "உன் கை வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தன் தலையில் இருப்பதைக் காப்பாற்ற முடியாதவளிடம் நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்று மேலே கேட்பார்கள். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இனி ஒரு தடவை விழுந்தால் என்னால் நல்லதாக எழுத முடியாது."

ரயிலில் வரும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ஆறு வருட அனுபவம், போயும் போயும் ஒரு முழத் துணியில் தொங்குகிறதே என்று ஆத்திரம். வீட்டுக்கு வந்து குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டே அவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"எண்ணெய் வைக்கிறதால தான் வழுக்குதோ தெரியேல்ல," என்றார் அவர். "ரெண்டு நாளைக்கு வைக்காமல் போய்ப் பாருமன்."

"எண்ணெய் வைக்காமலோ? நீங்கள் சாப்பிடாமல் வேலைக்குப் போவியளோ?"

"நான் சும்மா சொன்னனான். உம்மட தலை, உம்மட விருப்பம்."

ஊரிலிருந்து வரும்போது நான்கு போத்தல் தேங்காயெண்ணெயைச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். அதற்கு இடம் வேண்டும் என்று அவருடைய புத்தகங்களில் பாதியை வெளியே எடுத்து வைத்தவள் நான். அந்தக் குறை அவருக்கு இருந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் இரண்டு நாள் எண்ணெய் வைக்கவில்லை. தொப்பி நின்றது. ஆனால் அந்தக் காய்ந்த குளிரில் என் மயிர் நாலா பக்கமும் எழும்பி, தொப்பியைச் சுற்றிப் பற்றைக்காடுபோல் நின்றது. தலையிடி வேறு. முதல் நாள் மாலை என்னைப் பார்த்ததும் அவர், "செத்த வீட்டுக்குப் போட்டு வாறீரோ?" என்றார். இரண்டாம் நாள் சிஸ்டர், தலை ஒழுங்காக இல்லை என்று சீப்பை எடுத்து நீட்டினார். எண்ணெய் வைத்தால் தொப்பி நிற்காது, வைக்காவிட்டால் தலை நிற்காது. எனக்கு வெறுத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை பிடிவாதத்துடன் போத்தலை எடுத்தேன். குளிர்காலத்தில் எண்ணெய் மெழுகுபோல் உறைந்து கிடக்கும். கரண்டிக் காம்பால் கிண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் தலையில் பூசவேண்டும். அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தொப்பி ஒருநாளும் ரயிலில் விழுந்ததில்லை. காலை ஏழு மணிக்கு விழுந்ததில்லை. மூன்று தடவையும் பத்து மணிக்குக் கிட்டத்தட்டத்தான் விழுந்தது. குளிருக்குள் நடந்து போகும்போது எண்ணெய் தலையில் உறைந்து, கிளிப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வார்டில் ஹீட்டர் சூடு ஏற ஏற அது உருகி எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறது. காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று எவ்வளவு இழுத்துப் பார்த்தாலும் அசையாத தொப்பி, பத்து மணிக்கு என்னை ஏமாற்றியது இதனால்தான். இவ்வளவு நாளும் இது விளங்கவில்லையே என்று எனக்கு நானே குட்டிக்கொண்டேன்.

காரணம் தெரிந்துவிட்டது, வழி தெரியவில்லை. ஹீட்டரை நிறுத்தச் சொல்ல முடியாது. அந்தச் சனிக்கிழமை அலுமாரியைத் துடைக்கும்போது எங்கள் கல்யாணப் படத்தை எடுத்துத் தூசி தட்டினேன். படத்தில் என் தலையைப் பார்த்தேன். சித்திரை வெயில், தலை நிறைய எண்ணெய், அதற்கு மேல் சடைநாகமும் முழ முழமாகப் பூவும். அந்தப் பாரத்தோடு எத்தனை பேரின் காலில் விழுந்து எழும்பினேன். ஒரு பூக்கூட நழுவவில்லை. ஏனென்றால் அன்றைக்கு என்னை அலங்கரித்த பெண் எதையும் விரித்த மயிரில் குத்தவில்லை. முதலில் உச்சியில் கொஞ்ச மயிரைப் பிரித்து மெல்லிய பின்னலாகப் பின்னி, நூலால் கட்டி, சுருட்டி வைத்தாள். எல்லா ஊசியும் அந்தப் பின்னலுக்குள்தான் போயின. எண்ணெய் மயிரை வழுக்கவைக்கும், முடிச்சை என்ன செய்யும்.

அன்றைக்கே கதிரையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உச்சியில் மூன்று சின்னப் பின்னல் பின்னி, நூல் கட்டி, வட்டமாகச் சுருட்டினேன். தொப்பியின் உட்பக்கம் மூன்று இடத்தில் நாடாத் துண்டுகளை வளையமாக வைத்துத் தைத்தேன். பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த கொண்டை ஊசிகளை எடுத்து, வளையத்துக்குள்ளும் பின்னலுக்குள்ளும் சேர்த்துக் கோத்தேன். வெளியே ஓர் ஊசியும் தெரியவில்லை. அவர் ஹீட்டரை உச்சத்தில் போட்டுவிட்டார். நான் அதற்கு முன்னால் அரை மணி நேரம் இருந்தேன். பிறகு எழும்பி, குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை உதறினேன், கடைசியில் கயிறு இல்லாமலே கயிறடித்துத் துள்ளினேன்.

"நிக்குதோ?" என்றேன்.

"ஓம், நிக்குது. கீழ் வீட்டுக்காரர்தான் இனி நிக்கமாட்டினம்," என்றார் அவர்.

வயிறு நோகச் சிரித்தோம். இந்த நாட்டுக்கு வந்தபின் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அடுத்த கிழமை அந்த ட்ராம்காரர், ஊன்றுகோல் இல்லாமல் நடந்து காட்டுகிறேன் என்று வீரம் பேசி இறங்கி, கால் மடங்கிச் சரிந்தார். நான் பாய்ந்து அவருடைய அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தாங்கினேன். அவர் கை என் தலையைப் பிடித்து, தொப்பியை முழுப் பலத்தோடு இழுத்தது. எனக்கு உயிர் போகிறதுபோல் வலித்தது. அவரைக் கட்டிலில் ஏற்றி, கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தால் சிஸ்டர் வாசலில் நிற்கிறார். முதலில் நோயாளியைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். மணி பத்தேகால். தொப்பி இருந்த இடத்தில் இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று சிஸ்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கை மேசையில் இருந்தது. ஏற்கெனவே எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். வாசிக்கச் சொல்லி என் பக்கம் தள்ளினார். வேலை, நேரம், தோற்ற ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் நேரே நல்லதாகவே எழுதியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லி எழும்பப் போனபோது அவர் கொஞ்சம் இரு என்று சொல்லி, போய்க் கதவைச் சாத்தினார். பிறகு என் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் மெதுவாகத் தன் முக்காட்டைக் கழற்றினார்.

உச்சியில் மயிர் அநேகமாக இல்லை. ஏதோ ஒரு நோய்க்குப் பிறகு கொட்டியது திரும்ப வரவில்லையாம். இருந்ததும் பஞ்சுபோல் மெல்லிய நரைமயிர். கிளிப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. காதுக்கு மேலேயும் நெற்றி ஓரத்திலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் முக்காட்டை ஒட்டி வைத்திருந்தார். தினம் உரித்து உரித்து அந்த இடமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. கழுத்தை வளைத்தால் விழுந்துவிடும் என்ற பயத்தோடு நான்கு வருடமாக வார்டை நடத்தியிருக்கிறார். அதை இறுமாப்பு என்று திட்டியது நான்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் தொப்பி விழுந்தபோதெல்லாம் அவருக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

"நீ உன்னுடையதை எப்படி நிறுத்துகிறாய்?" என்று கேட்டார்.

நான் அவருடைய மயிரைத் தொட்டுப் பார்த்தேன். காதுக்கு மேலேயும் பின்னாலும் கொஞ்சம் இருந்தது, சின்னதாய் நான்கு பின்னல் பின்னப் போதும். ஆனால் பின்னப் பின்னப் பறந்துகொண்டு கைக்குள் அடங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு வரும்போது ஒரு சாமான் கொண்டுவருகிறேன்," என்றேன்.

மறுநாள் காலை கைப்பையில் சின்னப் போத்தலோடு போனேன். அதே அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நகக்கண் அளவு தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் உருக்கி அவர் தலையில் தடவினேன். மயிர் அடங்கியது. நான்கு பின்னல், முக்காட்டின் உட்பக்கம் நான்கு வளையம், நான்கு கொண்டை ஊசி. புண்ணான இடங்களில் மருந்து பூசிவிட்டேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு வார்டுக்குப் போனார்.

பத்து மணிக்கு ஹீட்டர் சூடு ஏறியிருந்தது. யாரோ தேங்காய் கேக் சுடுகிறார்களா என்று ட்ராம்காரர் மூக்கை உறிஞ்சினார். நானும் சிஸ்டரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ட்ராம்காரருடைய கட்டிலின் காலடியில் நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்த சிஸ்டர், பேனாவைக் கீழே தவறவிட்டார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார். ஒரு நிமிடம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்திக் குனிந்து, பேனாவைத் தானே எடுத்தார்.