இரண்டாவது மொட்டை

என் தம்பி ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டினான். பனிமலை உச்சியில் இருக்கும் முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் இறக்குவான். திரும்பும்போது காய்ச்சல்காரர்களையும் கால் ஒடிந்தவர்களையும் ஏற்றி வருவான். "நம்ம ஊரு மினி பஸ் மாதிரிதாண்ணே. என்ன, ஸ்டாப்பிங் கொஞ்சம் ஒசரத்துல இருக்கு" என்பான். குன்றாண்டார்கோவில் பக்கம் கடலை விவசாயம் பார்க்கும் வீட்டிலிருந்து போனவன். எனக்கு அவனால் அத்தனை பெருமை. அவனிடம் மட்டும் அதைச் சொன்னதே இல்லை.

ஒருமுறை மூடுபனிக்குள் எஞ்சின் நின்றுபோய், ஓர் ஆற்றுப்படுகையில் வண்டியோடு விழுந்தான். கூட இருந்த மூன்று பேருக்கும் அவனுக்கும் சிராய்ப்போடு போயிற்று. மறுநாள் போனில், "லேசாத் தட்டிருச்சும்மா, நல்லாருக்கேன்" என்றான். அம்மா போனை வைத்த கையோடு, பிள்ளை பிழைத்ததற்கு அவனுக்கு மொட்டை போடுவதாக நார்த்தாமலை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

அந்த மொட்டைதான் நடக்கவே இல்லை. அடுத்த லீவில் பெண் பார்க்கப் போகும்போது மொட்டையா என்றான். கல்யாணம் முடிந்த பிறகு, "ஹெல்மெட் லூசாப் போயிரும்மா, ஆத்தாளே ஒத்துக்கிற மாட்டா" என்று அம்மாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ரயிலேறினான். பிறகு மகள் பிறந்தாள். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தான். நானும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தேன்.

போன வருடம், நோயாளி ஒருவரை ஏற்றிவரப் போன இடத்தில் வானிலை மாறி, மலையில் மோதிவிட்டான். கொடி போர்த்தி உடல் வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், அவன் மகளுக்கு நாலு வயது. நான்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தேன்.

துக்க வீட்டுக்காரர்கள் வருடம் திரும்பும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. வீட்டிலிருந்த மாரியம்மன் படத்தையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வருடாந்திரம் முடிந்த வாரம் அம்மா சொன்னாள். "நார்த்தாமலைக்குப் போகணும். வேண்டுதல் நிக்கிது. அவனுக்குப் பதிலா நீ போட்டுக்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "காப்பாத்தாதவளுக்கு எதுக்கும்மா மொட்டை? அதான் போன வருசமே என் தலையச் செரைச்சாச்சே" என்று கத்தினேன்.

அம்மா கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. "அது சாவுக்குப் போட்டதுப்பா. இது அவன் பொழச்சதுக்கு. ரெண்டும் ஒண்ணா?"

"அவன்தான் இல்லையேம்மா."

"அன்னைக்கே போயிருந்தா இவ ஏது?" வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியைக் கையால் காட்டினாள். "ஆத்தா ஆறு வருசம் குடுத்தா. இன்னும் குடுக்கலையேன்னு நானுந்தான் அழுகுறேன். அதுக்காகக் குடுத்ததை இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

எழுந்து வெளியே போய்விட்டேன். வயலுக்குப் போயும் அந்த ஆறு வருடம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கல்யாணத்தில் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினேன். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரை முழுக்க நடந்தான். ஏதோ ஒரு வரப்புத் தகராறில் என்னோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தான், பிறகு அவனே போன் செய்தான். எல்லாம் அந்த ஆற்றுப்படுகைக்குப் பிறகு வந்தவை. அந்தச் சண்டைகூட எனக்கு வேண்டியிருந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை அம்மா, தம்பி மனைவி, குழந்தை, நான் நாலு பேரும் நார்த்தாமலைக்குப் போனோம். மொட்டை போடுகிறவர் என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டே, "வேண்டுதல் யாருக்குங்க?" என்று கேட்டார்.

"என் தம்பிக்கு."

"என்ன ஆச்சுங்க அவருக்கு?"

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். அந்த ஆறு வருடத்துக்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹெலிகாப்டர் விழுந்துருச்சுங்க" என்றேன். "பொழச்சுக்கிட்டான்."