செல்வியின் பாலும் என் குழாயும்

பெர்கன் நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில், கழுத்தில் பால்புட்டி தொங்க, அதன் மெல்லிய குழாயை மார்பில் ஒட்டிக்கொண்டு மகனுக்குப் பால் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற நார்வேக்காரர் மழையைப் பற்றி மட்டும் பேசினார். நாற்பத்திரண்டு வயதில் பெற்ற எனக்குப் பால் போதவில்லை. குழந்தை மார்பைச் சப்பும்போதே புட்டிப்பாலும் வாய்க்குப் போகும்; சப்பச் சப்ப எனக்கும் ஊறும் என்று அங்குள்ள தாதி கற்றுத்தந்த முறை இது. ஒவ்வொரு வேளையும் நேரம், அளவு, இடமா வலமா என்று நோட்டில் குறித்தேன். நான்கு மாதமாகியும் என் பங்கு கூடவில்லை. ஆனாலும் அவன் என் மார்பை விடவில்லை. எனக்கு அது போதும்.

விடுப்பில் சொந்த ஊரான போடிக்கு வந்தோம். குழாயைப் பார்த்துவிட்டுப் போன எதிர்வீட்டு அக்கா, அரை மணி நேரத்தில் ரொட்டியும் ஆப்பிளுமாக நோய் விசாரிக்க வந்துவிட்டார்.

"பச்சப்புள்ளைக்கு எத்தன நாளா ஆத்தா குளுக்கோசு ஏத்துறீக? வெரசா மதுரைக்குக் கொண்டு போகலாம்ல?"

என் தங்கை செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. எங்கள் தெருக் கிடங்கில் ஏலக்காய் தரம் பிரித்துவிட்டு வருவதற்குள் ரவிக்கை நனைந்திருக்கும். "எனக்கு லோடு கணக்குல வருதுக்கா" என்பாள். படிப்பிலிருந்து வெளிநாடு வரை எல்லாவற்றிலும் நான்தான் முன்னால் போனேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் நகக்கண்ணில் ஏலக்காய்த் தூசியைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். இப்போது அந்த ஈர ரவிக்கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை குளித்துவிட்டு வந்தால், என் மகன் அவள் மடியில். குழாய் இல்லை, புட்டி இல்லை. கண்ணை மூடி மடக்கு மடக்கென்று குடித்தான். என்னிடம் ஒருநாளும் அப்படிக் குடித்ததில்லை.

"பசியில கத்துனான்க்கா."

"கொண்டா இங்க."

பிடுங்கினேன். அவன் வீறிட்டான். செல்வியின் பால் தரையில் சொட்டியது. அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பின் அவன் என் மார்பைத் தொடவில்லை. பத்து நாற்பது: மறுப்பு. பன்னிரண்டு பதினைந்து: மறுப்பு.

ஒரு மணிக்குச் செல்வி திரும்பி வந்தாள். கையில் மூடிய எவர்சில்வர் டம்ளர்.

"என் மாருல வேணாம். இத உன் புட்டியில ஊத்து. உங்கிட்டயே குடிக்கட்டும்."

ஊற்றினேன். குழாயில் பால் இறங்கியது. அவன் நாக்கால் தொட்டுப் பார்த்தான். பிறகு என் மார்பைக் கவ்விக்கொண்டான். நோட்டில் 'நான்', 'புட்டி' என்று இரண்டு கட்டங்கள்தாம் போட்டிருந்தேன். இரண்டிலும் எழுதவில்லை.

செல்வி எதிரே, ஏலக்காய் வாசனையோடு நின்றிருந்தாள். அவளைப் பார்க்காதபடி நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவனோ, கவ்விய மார்பை விடாமலே தலையைத் திருப்பி, என் கைக்கு மேலாக அவளைத் தேடினான்.