சத்தமில்லாத இடம்

என் மாமாவுக்கு லாரி ஓட்டுவதைவிட லாரியை நிறுத்துவதில்தான் பெருமை அதிகம். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் எங்கே நிறுத்தினால் விடியும்வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்பார். டீக்கடை ஓரம் ஆகாது, மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள். கோயில் ஓரம் ஆகாது, விடியுமுன் மணி அடிப்பார்கள். நாய் இருக்கும் ஊர் ஆகவே ஆகாது. இப்படிக் கழித்துக்கொண்டே போய் மிஞ்சுகிற இடத்தில்தான் அவருக்குக் கண் சொக்கும்.

எனக்கு ஏழு வயதிருக்கும். தம்மம்பட்டியில் பெரியம்மா வீட்டு விசேஷம் முடிந்து, அம்மாவும் நானும் மாமாவின் லாரியில் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் நிலக்கடலை மூட்டைகள். ராசிபுரம் தாண்டிப் பொழுது சாய்கிற நேரத்தில் பார்த்தால், முன்விளக்கு இரண்டும் எரியவில்லை. மாமா எதையோ திருகினார், தட்டிப் பார்த்தார். பிறகு, இதற்காகவே காத்திருந்தவர் போல, வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு வண்டித்தடத்தில் லாரியை இறக்கினார்.

தடத்தின் முடிவில் ஓர் ஏரி, அதையொட்டிக் கொஞ்சம் கூரை வீடுகள். வெட்டவெளியான ஒரு களத்தில் லாரி நின்றது.

“பாத்தயாக்கா, ஈ காக்காச் சத்தம் இருக்குதா?” என்றார் மாமா.

உண்மைதான். அடுப்பு மூட்டுகிற நேரத்தில் எந்தக் கூரையிலும் புகை இல்லை. ஆடு கத்தவில்லை. கதவுகள் எல்லாம் சாத்தி நாதாங்கி போட்டிருந்தன. கடைசி வீட்டில் மட்டும் கதவு திறந்திருந்தது. நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. ஏதோ நோம்பி, எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அம்மா வேப்பிலையைப் பார்த்தவுடன் என்னை மடிக்கு இழுத்துக்கொண்டாள். திரும்பிவிடலாம் என்றாள். விளக்கில்லாமல் எங்கே போவது என்று மாமா கேட்டார். அவர் குரலில் பெருமை போய்விட்டிருந்தது.

எனக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. குத்துகிற ஆள் ஊருக்கு வந்த அன்று நான் சோளத்தட்டுப் போருக்குள் ஒளிந்து அழுத அழுகையைப் பார்த்து, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டாள். இப்போது என்னை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். குளிர் போலிருக்கிறது என்று நான் முந்தானையை எடுத்து அவள் தோளில் போர்த்தினேன்.

நன்றாக இருட்டிய பிறகு ஒரு குரல் வந்தது.

“ஏனுங்க, லாரிக்காரங்களா? ஊட்டுப் பக்கம் வந்துராதீங்க. கெணத்துத் தண்ணியும் மொள்ளாதீங்க. ஆத்தா வந்திருக்குதுங்க.”

ஆள் தெரியவில்லை. கடைசி வீட்டு வாசலில் வெளுப்பாக ஒரு சேலை மட்டும் நின்றது. மாமா தலையை நீட்டிப் பேச்சுக் கொடுத்தார். ஊர்ச்சனம் மொத்தமும் பயந்து காட்டுச் சாளைக் குடிசைகளுக்குப் போய்விட்டது, புருஷன் போன வாரம் கண்ணை மூடிவிட்டார், மிச்சம் தானும் மகனும் மட்டும்தான் என்று அவள் சொன்னாள். யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் அங்கேயே நின்றாள்.

“என்ற பையன் லாரி வந்திருக்குதான்னு கேக்கறானுங்க. அவனால கண்ணத் தொறக்க முடியல. அந்த ஆரன ஒருக்கா அமுக்குங்க சாமி.”

மாமா கையை அசைக்கவில்லை. நான்தான் அம்மாவின் பிடியிலிருந்து எம்பி, கதவோரம் இருந்த ஹாரனின் ரப்பர்ப் பந்தை இரண்டு கையாலும் அமுக்கினேன். அந்த ஓசை ஆளில்லாத வீடுகளுக்கிடையில் போய், ஏரிக்கரையில் முட்டித் திரும்பியது. அந்தப் பக்கம் இன்னொரு லாரி நின்று பதில் சொல்வது போலிருந்தது. சேலை உள்ளே போனது. மறுபடி வாசலுக்கு வந்தது.

“இன்னொருக்கா வேணுமாமுங்க.”

எத்தனை தடவை அமுக்கினேன் என்று நினைவில்லை. அம்மா தடுக்கவில்லை, அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் அமுக்குவேன், காத்திருப்போம், குரல் வரும். போகப் போகக் காத்திருப்பது நீண்டது. பிறகு குரலே வரவில்லை. பந்தின் மேல் கையை வைத்தபடி இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போதும் சாமி,” என்றாள் அவள் கடைசியாக. “தூங்கிட்டான்.”

நான் கண்விழித்தபோது மாமா இல்லை. லாரியில் எப்போதும் கிடக்கும் மண்வெட்டியும் இல்லை. மாமா சிறுவயதில் அம்மை வந்து பிழைத்தவர், முகமெல்லாம் தழும்பு. வெளிச்சம் வந்த பிறகு ஏரிப் பக்கமிருந்து தலையோடு நனைந்து வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தார். சக்கரம் புதைந்திருக்கும், மண் வெட்டிப் போட்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக இன்னொரு தடவை ஹாரனை அமுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு பல நாள் அம்மா காலையில் என் சட்டையைக் கழற்றி, முதுகும் கையும் காலும் தடவித் தடவிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

வீடு வந்த அன்றே அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்: தூக்கம் வராமல் கிடந்த ஒரு பையனை நான்தான் ஹாரன் அடித்துத் தூங்க வைத்தேன் என்று. அப்பா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். அவர்களுக்கு இதன் அருமை தெரியவில்லை என்று விட்டுவிட்டு, தெருப் பிள்ளைகளிடம் அந்தக் கோடை முழுக்க அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.